பந்தி விசாரிக்க ஆவியின் நிறைவு

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 6:1-7, 1 தீமோத்தேயு 3:8-13, 1 பேதுரு 4:10, 11

எருசலேம் சபை நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தது. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்க்கப்பட்டனர். சில நாட்களுக்குள் ஆண்களின் தொகை மட்டுமே ஏறக்குறைய 5,000 ஆயிற்று. ஆலோசனைச் சங்கத்தார் அப்போஸ்தலரைப் பயமுறுத்தினர், சிறையில் அடைத்தனர், அடித்தனர். சபையோ அசையவில்லை. அனனியாவும் சப்பீராளும் கொண்டுவந்த பொய்யும் வெளிச்சத்துக்கு வந்து நியாயந்தீர்க்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த பகையாலும் உள்ளே நுழைந்த மாய்மாலத்தாலும் உடையாத அந்தச் சபையை உடைக்கக்கூடிய ஆபத்து, யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து எழுந்தது. அது விதவைகளின் சாப்பாட்டுப் பந்தி.

கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். அதனால் எழுந்த முறுமுறுப்பை லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். அந்த முறுமுறுப்புக்குச் சபை அளித்த பதிலே, இன்று உதவிக்காரர் என்றும் டீக்கன்மார் என்றும் அழைக்கப்படுவோரின் ஊழியத்துக்கு வித்தாக அமைந்தது. அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரம் அந்த ஏழு பேரை உதவிக்காரர் என்ற பட்டப்பெயரால் அழைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியு என்னும் சபைப் பிதா, ஸ்தேவானை முதல் உதவிக்காரராகக் கண்டார். அதுமுதல் திருச்சபை இந்த ஏழு பேரில்தான் உதவிக்கார ஊழியத்தின் முன்மாதிரியைக் கண்டுவருகிறது.

1. முறுமுறுப்பின் வேர்

பல தேசங்களில் சிதறி வாழ்ந்த யூதர்களில் அநேகர், தங்கள் முதிர்வயதைப் பரிசுத்த நகரத்தில் கழிக்க விரும்பி எருசலேமில் வந்து குடியேறினர். கணவன் மரித்தபின் மனைவி அங்கே தனித்து விடப்படுவாள். அவளுக்குச் சொந்த ஊரும் உறவினரும் தூரத்தில். அவள் பேசுவது கிரேக்கு. பந்தியை நடத்தியவர்களோ எபிரெயர். வேண்டுமென்றே அவளை ஒதுக்கினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஒருவேளை அவளுடைய வீடு எங்கிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திராமல் போயிருக்கலாம்; அவளும் தன் குறையை அவர்கள் மொழியில் சொல்ல இயலாமல் இருந்திருக்கலாம். பெரும்பாலான புறக்கணிப்புகள் பகையினால் உண்டாவதில்லை. கவனிக்க ஆளில்லாமையினாலேயே உண்டாகின்றன. ஆனால் பசியோடு படுத்திருப்பவளுக்கு இரண்டும் ஒன்றே.

அப்போஸ்தலர் இந்தக் குறையைச் சிறியதென்று தள்ளவில்லை. முறுமுறுத்தவர்களை ஆவிக்குரிய முதிர்ச்சியற்றவர்கள் என்று கண்டிக்கவுமில்லை. "ஜெபியுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்தார்கள். வசனத்தைப் போதிப்பதை விட்டுவிட்டுப் பந்தியை மேற்பார்ப்பது தங்களுக்குத் தகாது என்றும், அதற்கென்று ஏழு பேரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள்.

2. ஒரே சொல்லில் இரண்டு ஊழியங்கள்

இதை மேலோட்டமாக வாசிப்பவர்கள், அப்போஸ்தலர் பந்தி வேலையைத் தாழ்வாக எண்ணினார்கள் என்று கருதக்கூடும். மூலமொழி அந்த எண்ணத்தை அனுமதிப்பதில்லை. தமிழ் வேதாகமத்தில் விதவைகளுக்கான அன்றாடப் பகிர்வு "விசாரணை" என்றும், வசனத்தைப் போதிப்பது "ஊழியம்" என்றும் பெயர்க்கப்பட்டுள்ளன. கிரேக்கில் இரண்டு இடங்களிலும் "தியாகோனியா" என்னும் ஒரே சொல் நிற்கிறது. உணவுப் பாத்திரத்தைக் கையில் ஏந்துவதும் தியாகோனியா. வசனத்தை வாயில் ஏந்துவதும் தியாகோனியா. ஊழியம் ஒன்று, வரங்கள் வேறு, அழைப்புகள் வேறு.

"விசாரணை" என்ற தமிழ்ச் சொல்லும் சிந்திக்கத்தக்கது. இன்று அச்சொல் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் நினைவுபடுத்துகிறது. பழைய வழக்கிலோ, நலம் விசாரித்தல், குறை கேட்டல், கவனித்துப் பராமரித்தல் என்னும் பொருள்கள் அதில் அடங்கியிருந்தன. பந்தி விசாரிப்பவன் சோற்றை அளந்து போடுகிறவன் மட்டுமல்லன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறவன் அவன்.

3. தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்

உணவு பகிர்வதற்கு என்ன தகுதி தேவை? கணக்கு தெரிந்திருந்தால் போதும், உடல் உழைப்பு இருந்தால் போதும் என்றே உலகம் சொல்லும். அப்போஸ்தலர் கேட்டவை மூன்று: நற்சாட்சி, பரிசுத்த ஆவியின் நிறைவு, ஞானம். பிரசங்க பீடத்துக்குக் கேட்கவேண்டிய தகுதிகளைப் பந்திக்குக் கேட்டார்கள். ஏனெனில் பந்தியில் இருந்தது உணவு மட்டுமன்று. இரண்டு கூட்டத்தாருக்கு இடையிலான நம்பிக்கையும் அங்கேதான் இருந்தது.

தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் நிக்கொலாவு பிறப்பால் யூதரும் அல்லர். யூத மார்க்கத்தைத் தழுவிய அந்தியோகியா பட்டணத்தார். சபையில் பெரும்பான்மையினராகவும் அதிகாரம் உடையவர்களாகவும் இருந்த எபிரெயர், தங்கள் மேல் குறைசொன்ன கூட்டத்தாரிடமே பந்தியின் பொறுப்பை ஒப்புவித்ததாகவே இப்பெயர்கள் காட்டுகின்றன. இப்போது எபிரெய விதவைகளின் உணவும் கிரேக்கு பேசுகிறவர்களின் கையில்! "நமக்கு மூன்று பேர், அவர்களுக்கு மூன்று பேர், நடுவில் ஒருவர்" என்னும் பங்கீட்டுக் கணக்கு அங்கே இல்லை. பாதிக்கப்பட்டவரின் வலியை அறிந்தவரே பராமரிக்கத் தகுந்தவர் என்னும் ஞானம் அங்கே விளங்கியது.

தெரிந்தெடுத்தது சபை, கைகளை வைத்து ஜெபித்து ஏற்படுத்தினவர்கள் அப்போஸ்தலர். வரத்தைத் தருகிறவர் ஆவியானவர். அந்த வரத்தைக் கண்டுகொள்ளும் கண் சபைக்கு இருக்கவேண்டும். ஒருவன் தனக்குத் தானே எடுத்துக்கொள்ளும் பதவி அல்ல இது. அவனிடத்தில் ஏற்கனவே வெளிப்பட்டிருக்கும் கிருபைக்குச் சபை சொல்லும் ஆமென் இது.

4. உதவிக்காரரிடம் விளங்கும் வரங்கள்

ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4 ஆகிய அதிகாரங்களில் ஆவிக்குரிய வரங்களின் வரிசைகள் காணப்படுகின்றன. பிரசங்கம், தீர்க்கதரிசனம், குணமாக்குதல் போன்றவை உடனே கண்ணில் படுகின்றன. அவற்றின் நடுவே ஆரவாரமில்லாமல் எழுதப்பட்டிருக்கும் சில வரங்களே உதவிக்காரரின் கருவிகள்.

உதவி செய்யும் வரம்: 1 கொரிந்தியர் 12:28 இல் பவுல் இதைக் குறிப்பிடுகிறார். தளர்ந்து விழுபவரைத் தாங்கிப் பிடித்தல் என்பது மூலச்சொல்லின் கருத்து. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, அடக்க ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின்பும் அந்த வீட்டாரோடு இருப்பது, முதியவரின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தருவது ஆகியவை இதில் அடங்கும். இவற்றைச் செய்கிறவர் தம்மிடம் வரம் இருப்பதாகவே பலவேளைகளில் எண்ணுவதில்லை.

ஆளுகை வரம்: அதே வசனத்தில் இதுவும் உள்ளது. பவுல் பயன்படுத்தும் சொல், கப்பலைச் செலுத்தும் மாலுமியைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர் உடையது. அப்போஸ்தலர் 27 இல் பவுலின் கப்பலைச் செலுத்தியவனுக்கு அந்தப் பெயரே வழங்குகிறது. மாலுமி கப்பலின் சொந்தக்காரன் அல்லன். காற்றும் பாறையும் அறிந்து அதை வழிநடத்துகிறவன். சபையின் காணிக்கை, கட்டடம், ஏழைகள் நிதி ஆகியவற்றை ஏற்று நடத்தும் உதவிக்காரர், தாம் சொந்தக்காரர் அல்லர், மாலுமி மட்டுமே என்பதை மறவாதிருக்கவேண்டும்.

பகிர்ந்து கொடுத்தலும் இரக்கமும்: ரோமர் 12:8 இல் கொடுப்பவனிடம் கபடமின்மையையும், இரங்குகிறவனிடம் உற்சாகத்தையும் பவுல் எதிர்பார்க்கிறார். உதவியை முகச்சுளிப்போடு நீட்டினால், வாங்குகிறவர் தம் வறுமையோடு அவமானத்தையும் சுமந்து திரும்புவார். வாங்குகிறவரின் தலை குனியாதபடி கொடுக்கத் தெரிவது ஆவியின் வரமே.

வசனத்தின் வரம்: ஸ்தேவான் பந்திக்கென்று நியமிக்கப்பட்டவர். ஆயினும் அவர் பேசிய ஞானத்தை எதிர்த்து நிற்க எவராலும் இயலவில்லை. பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனார். காசா வழியில் எத்தியோப்பிய மந்திரிக்கு ஏசாயாவின் சுருளை விளக்கினார். உதவிக்காரரின் வாய் கட்டப்பட்டதல்ல. வீடுகளில் நோயாளிகளையும் துக்கமுள்ளவர்களையும் சந்திக்கிறவருக்கே வசனத்தைப் பேச அதிக வாசல்கள் திறக்கின்றன.

இந்த ஊழியத்தில் பெண்களும் இருந்தார்கள். கொரிந்துவின் துறைமுகமாகிய கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்த பெபேயாளை, உதவிக்காரருக்கு வழங்கும் அதே கிரேக்கச் சொல்லால் பவுல் அறிமுகப்படுத்துகிறார். அவள் தனக்கும் அநேகருக்கும் ஆதரவாயிருந்தவள் என்று சாட்சி கொடுக்கிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தை ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றவள் அவளே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. சுவிசேஷத்தின் ஆழங்களை விளக்கும் அந்த நிருபம் ஓர் ஊழியக்காரியின் கைகளில் பத்திரமாகப் பயணம் செய்தது.

5. வரமும் வாழ்க்கையும்

வரம் இருந்தால் போதும் என்று பவுல் எண்ணவில்லை. 1 தீமோத்தேயு 3 இல் உதவிக்காரருக்கு அவர் கூறும் தகுதிகளில் முதல் வரிசையில் நிற்பது நாவைப் பற்றியது. இருநாக்கு உடையவராய் இருக்கலாகாது. உதவிக்காரர் வீடு வீடாகச் செல்கிறவர். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொன்னால், அல்லது போதகரிடம் ஒன்றும் சபையாரிடம் வேறொன்றும் பேசினால், நூறு உதவிகள் கட்டியதை ஒரு வார்த்தை இடித்துவிடும்.

அடுத்தது பணம். அப்போஸ்தலரின் கூட்டத்திலேயே பணப்பையை வைத்திருந்தவன் ஒருவன் இருந்தான். ஏழைகள்மேல் அக்கறையுள்ளவன்போல் பேசினான். பையில் போடப்பட்டதை எடுத்துக்கொண்டான். யூதாஸின் வீழ்ச்சி ஒரே இரவில் நேர்ந்ததன்று. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் தர்மப்பணம் சேர்த்த பவுல், அதைத் தனியே சுமக்க மறுத்தார். தீத்துவோடுகூடச் சபைகளால் நம்பப்பட்ட சகோதரரையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காய் நடக்கவேண்டும் என்பதை 2 கொரிந்தியர் 8 இல் எழுதிவைத்தார். கணக்கைக் காட்டும்படி கேட்பது அவிசுவாசம் அல்ல. காட்ட மறுப்பதே விசுவாசத்துக்கு இடறல்.

உதவிக்காரர் முதலில் சோதிக்கப்படவேண்டும் என்றும், அவருடைய வீடு ஒழுங்காயிருக்கவேண்டும் என்றும் பவுல் கூறுகிறார். செல்வமும் செல்வாக்கும் கண்டு அவசரமாய்ப் பொறுப்பில் அமர்த்தப்பட்டவரால் சபைகள் அடைந்த காயங்கள் அநேகம். சிறிய காரியங்களில் ஒருவரைப் பொறுமையோடு கவனித்துப் பார்க்கும் சபை, பின்னால் கண்ணீர் சிந்துவதில்லை.

6. சரித்திரத்தின் சாட்சிகள்

ஏறக்குறைய 155 ஆம் ஆண்டில் யுஸ்தின் என்னும் இரத்தசாட்சி ரோமாபுரி விசுவாசிகளின் ஞாயிறு ஆராதனையை விவரித்திருக்கிறார். நற்கருணையில் பங்குபெற வர இயலாதவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர் எடுத்துச் சென்றார்கள். பந்திக்கு வராதவரைத் தேடிப் பந்தியே சென்றது. 251 ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் கண்காணி கொர்நேலியு எழுதிய ஒரு கடிதத்தை சபை வரலாற்று ஆசிரியர் எவுசேபியு பாதுகாத்துத் தந்துள்ளார். அதன்படி அந்தச் சபையில் 46 மூப்பர்களும் 7 உதவிக்காரரும் இருந்தனர். சபை ஆதரித்த விதவைகளும் வறியோரும் 1,500 பேருக்கு மேல். அப்போஸ்தலர் காலத்து ஏழு என்ற எண்ணிக்கையை அவர்கள் விடாமல் காத்திருந்தார்கள்.

அந்த ஏழு பேரின் வரிசையில் வந்தவர் லவுரேந்தியு. வலேரியன் பேரரசனின் உபத்திரவத்தில் 258 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் கொல்லப்பட்டார். சபையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி அதிகாரி கட்டளையிட்டபோது, அவர் அதை ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, அந்த ஏழைகளையும் முடவரையும் குருடரையும் அழைத்துவந்து நிறுத்தி, சபையின் பொக்கிஷம் இவர்களே என்று காட்டியதாகச் சபை மரபு சொல்லுகிறது.

இன்று துருக்கியில் உர்ஃபா என்று அழைக்கப்படும் எதேசா பட்டணத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த எப்பிராயீம், சீரிய மொழியின் பெரும் பாடலாசிரியர். அவர் உயிருள்ளவரை உதவிக்காரராகவே இருந்தார். அவருடைய முதுமையில் அங்கே கொடிய பஞ்சம் வந்தது. செல்வர்களின் களஞ்சியங்களோ பூட்டியிருந்தன. ஏன் என்று கேட்டபோது, பகிர்ந்து கொடுக்க நம்பத்தக்க ஆள் இல்லை என்றார்கள். "என்னைக் குறித்து என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதும், அவரை நம்பிப் பணத்தை ஒப்புவித்தார்கள் என்று பழைய வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஏறக்குறைய 300 படுக்கைகள் போடப்பட்டன. பசியாலும் நோயாலும் வாடியவர்கள் பேணப்பட்டார்கள். அதற்குப்பின் நெடுநாள் செல்லாமல், 373 ஆம் ஆண்டில் எப்பிராயீம் மரித்தார். பூட்டிய களஞ்சியங்களைத் திறந்த சாவி அவருடைய பாடல்களின் புகழ் அன்று, பல ஆண்டுகளாக அவர் காத்துவந்த நற்சாட்சியே.

7. செசரியாவில் ஒரு வீடு

இந்தத் தியானத்தின் சிகரம் அப்போஸ்தலர் 21 இல் இருக்கிறது. ஸ்தேவான் கல்லெறியுண்டு மரித்தபோது, சாட்சிக்காரர் தங்கள் வஸ்திரங்களை ஓர் இளைஞனின் காலடியில் வைத்தார்கள். அந்தச் சவுல் அக்கொலைக்கு உடன்பட்டிருந்தான். பின்பு வீடு வீடாக நுழைந்து விசுவாசிகளை இழுத்துக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தான். அந்த உபத்திரவத்தினால் எருசலேமைவிட்டுச் சிதறினவர்களில் பிலிப்புவும் ஒருவர். ஏழு பேரில் ஒருவரைப் பறிகொடுத்து, மற்றொருவரை ஊரைவிட்டு ஓடச்செய்த துயரத்துக்குச் சவுல் பங்காளி.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பின், எருசலேமுக்குப் போகும் வழியில் பவுல் செசரியாவுக்கு வருகிறார். தங்கியது எங்கே? பிலிப்புவின் வீட்டில். அந்த வீட்டை அறிமுகப்படுத்தும்போது, பிலிப்பு சுவிசேஷகர் என்பதோடு அவர் ஏழு பேரில் ஒருவர் என்பதையும் லூக்கா நினைவுபடுத்துகிறார். பவுலும் அவரோடு வந்தவர்களும் அநேக நாள் அங்கே தங்கினார்கள். வரம் பெற்ற நான்கு குமாரத்திகளும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

அந்த முதல் இரவில் பந்தி எப்படி இருந்திருக்கும்? பிலிப்புவின் உள்ளத்தில் ஸ்தேவானின் முகம் எழாமல் இருந்திருக்குமோ? வேதம் அதைச் சொல்லவில்லை. கதவு திறக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லுகிறது. கிரேக்கு விதவைகளுக்காகப் பந்தி விசாரிக்க எருசலேமில் தெரிந்துகொள்ளப்பட்டவர், தம் தோழரின் கொலைக்கு உடன்பட்டவருக்கும் பந்தியில் இடம் கொடுத்தார். வரங்களையெல்லாம் வரிசைப்படுத்திய பவுல் 1 கொரிந்தியர் 13 இல் காட்டும் மேன்மையான வழி அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அன்பில்லாத உதவி வெறும் பணிவிடை. மன்னிக்கிற அன்பு சேரும்போதே அது உதவிக்காரரின் ஊழியமாகிறது.

8. இன்றைய சபைக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சபைகளுக்குச் சபை முறைமை வேறுபடுகிறது. தென்னிந்தியத் திருச்சபை போன்ற ஆயர் ஆளுகையுள்ள சபைகளில் டீக்கன் என்பது குருத்துவ வரிசையில் ஓர் அபிஷேகம். நாகாலாந்து முதலிய இடங்களின் பாப்திஸ்து சபைகளில் விசுவாசிகள் தங்களுக்குள் டீக்கன்மாரைத் தெரிந்தெடுக்கின்றனர். வேறு சபைகளில் இதே வேலை வேறு பெயரால் நடைபெறுகிறது. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றே: பந்தியில் விடப்பட்டவர் யார்? அவரைக் காணும் கண் சபையில் யாருக்கு இருக்கிறது?

மிஷனரிப் பணித்தளங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. ஒரே ஜெப வீட்டில் இரண்டு மூன்று மொழி பேசுவோர் அமருகின்றனர். அறிவிப்பும் பாடலும் ஒரு மொழியில் இருக்க, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவளுக்கு அதில் பாதி விளங்குவதில்லை. உதவி வந்து பகிரப்பட்டதைக்கூட அவள் மறுநாள்தான் அறிகிறாள். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள், பெரிய சபையில் பெயர் தெரியாதவர்களாகவே ஆண்டுகளைக் கழிக்கின்றனர். எருசலேமின் முறுமுறுப்பு இன்றும் கேட்கிறது. சில இடங்களில் அது வாய்விட்டு எழுவதுமில்லை. அவர்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகையால் சபைகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முறுமுறுப்பைக் கலகமென்று அடக்காமல், செவிகொடுத்துக் கேட்கலாம். பொறுப்பாளரைத் தெரிந்தெடுக்கும்போது, பதவிக்கு முந்துகிறவரை விட்டு, ஏற்கனவே மௌனமாய் உதவிக்கொண்டிருப்பவரைத் தேடலாம். விடப்பட்ட கூட்டத்தாரின் நடுவிலிருந்தே அவர்களை எழுப்பலாம். தெரிந்தெடுத்தபின், அவர்கள் தங்கள் வரத்தின்படி உழைக்க இடமும் அதிகாரமும் கொடுத்து, அவர்களுக்காக ஜெபிக்கலாம். போதகரே எல்லாவற்றையும் சுமக்கும் சபையில் வசனமும் தளர்கிறது, பந்தியும் தளர்கிறது.

ஏழு பேர் பொறுப்பேற்றபின் நடந்ததை லூக்கா ஒரே வசனத்தில் முடிக்கிறார். தேவவசனம் பரவியது, சீஷரின் தொகை எருசலேமில் மிகுதியாய்ப் பெருகியது, ஆசாரியரில் திரளானோரும் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். அது நடந்தது பந்தி சீர்ப்பட்ட பின்பு என்பதைக் கவனிக்கவேண்டும். விதவையின் பாத்திரம் நிரம்பிய சபையில் வசனத்துக்கு வழி திறந்தது.

ஊழியம் கொள்ளும்படி வராமல், ஊழியம் செய்யவும் தம் ஜீவனைக் கொடுக்கவும் வந்த இயேசு கிறிஸ்துவே முதன்மையான உதவிக்காரர். சீஷரின் கால்களைக் கழுவிய அந்தக் கரங்கள், இன்றும் சபைக்கு வரங்களைப் பகிர்ந்தளிக்கின்றன. விடப்பட்டவரைக் காணும் கண்களையும், நாணயமுள்ள கைகளையும், மன்னிக்கிற இருதயத்தையும் உடைய உதவிக்காரரை அவர் தமது சபைகள் எங்கும் எழுப்பித் தருவாராக. ஆமென்.